கழுத்து திரும்பும் கேமராவோடு தக்கலைக்கு

நாகர்கோவிலில் ரயிலை விட்டு இறங்கியதும் முதல் காரியமாகப் பையைத் திறந்து கேமரா இருக்கிறதா என்று பார்த்தேன். இருந்தது. மூக்குக் கண்ணாடிதான் இல்லை. திருச்சியில் வீட்டு மேஜை மேலேயே வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எனக்குத் தூரத்தில் இருப்பதெல்லாம் பளிச்சென்று தெரியும். கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பதுதான் தெரியாது. கேமரா கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கப்போகிறது என்பது அந்தக் காலை நேரத்தில் எனக்கு உறைக்கவில்லை.

நான் ஊர் சுற்றிப் பார்க்க வரவில்லை. என் அக்கா மகள் நித்யாவுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கொண்டிருக்கிறோம். தக்கலையில் பெயிண்ட் கடை நடத்தும் அபிலாஷ் என்ற பையனின் ஜாதகம் பொருந்தி, இரண்டு பக்கத்து அம்மாக்களும் போனில் மணிக்கணக்கில் பேசி முடித்து, எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. படங்கள் வந்த பிறகுதான் சிக்கல். மொத்தம் மூன்று. ஒன்றில் பையன் யாருடைய காரிலோ சாய்ந்து கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்னொன்றில் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் கறுப்புக் கண்ணாடி. மூன்றாவது ஸ்டுடியோவில் நீலத் திரைக்கு முன்னால் எடுத்தது.

நித்யா மூன்றையும் வரிசையாக வைத்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "மாமா, மூணு படத்துலயும் இவர் மூச்சே விடல. அவருக்குத் தெரியாம எடுத்த படம் ஒண்ணு வேணும். அதைப் பாத்துட்டு, வரச் சொல்லலாமா வேண்டாமான்னு சொல்றேன்."

ஏற்கெனவே நாலு இடம் தட்டிப்போயிருக்கிறது. இதுவும் போனால் இனி மாப்பிள்ளை என்ற வார்த்தையையே எடுக்கமாட்டேன் என்று அக்கா சாமி படத்துக்கு முன்னால் நின்று சொல்லிவிட்டாள். அக்கா சொன்னால் சொன்னதுதான். எங்கள் பெரியப்பா மகனோடு பேசமாட்டேன் என்று ஒரு கல்யாணப் பந்தியில் சொன்னவள், அடுத்தடுத்த வீட்டில் இருந்துகொண்டே இன்றுவரை பேசவில்லை. ஆகவே தாய்மாமனாகிய நான் ஒற்றன் வேலைக்கு அனுப்பப்பட்டேன்.

போனில் எடுக்கலாமே என்று கேட்பீர்கள். போன தடவை கரூரில் ஒரு ஜவுளிக்கடைப் பையனை அப்படித்தான் எடுக்கப் போனேன். பளீரென்று வெளிச்சம் அடித்துவிட்டது. கடையிலிருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள். பையன் என்னைப் பஸ் ஸ்டாண்டுவரை துரத்திக்கொண்டு வந்தான். நல்ல வேகம். அந்த ஒரு தகுதி போதாது என்று நித்யா சொல்லிவிட்டாள்.

இந்தத் தடவை அவளே தன் கேமராவைக் கொடுத்தாள். இப்போது இளவட்டங்கள் பழைய டிஜிட்டல் கேமராக்களைத் தேடித் தேடி வாங்குகிறார்கள். அப்படி வாங்கியது இது. சோப்புப் பெட்டி அளவுதான். பாதியில் ஒரு திரை, மீதிப் பாதியில் லென்ஸ். அந்த லென்ஸ் பாதி மட்டும் தனியாகக் கழுத்தைத் திருப்பும். முன்னால் பார்க்கும், மேலே பார்க்கும், அப்படியே சுற்றி வந்து நம்மையும் பார்க்கும். "வயித்துக்கிட்ட வச்சுக்கிட்டு நீங்க பாட்டுக்குக் கீழ பாத்துட்டு நில்லுங்க மாமா. அது முன்னாடி பாக்கும். யாருக்கும் தெரியாது" என்றாள். எனக்கு விஷயம் மிகவும் பிடித்துப்போயிற்று. ஒரு கம்பெனியில் முப்பது வருஷமாக ஸ்டோர் கீப்பராக இருக்கிறேன். திருட்டைக் கண்டுபிடித்துத்தான் பழக்கம், நானே திருட்டுத்தனம் செய்ய வாய்ப்பு வந்ததில்லை.

வடசேரியில் இட்லியும் ரசவடையும் தின்றுவிட்டுத் தக்கலைப் பஸ்ஸில் ஏறினேன். பதினைந்து கிலோமீட்டர் சொச்சம். பார்வதிபுரம், சுங்கான்கடை, வில்லுக்குறி என்று போகிறது வழி. வலதுபுறம் மலை கூடவே வருகிறது. திருச்சிக்காரனுக்கு மலை என்றால் ஊருக்கு நடுவில் ஒன்று, அதன் மேல் ஒரு பிள்ளையார். இங்கே மலை முடிவதாகவே இல்லை, அதன் அடிவாரமெல்லாம் வாழையும் தென்னையுமாக நெருக்கியடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸில் எல்லாரும் ஒருவரோடு ஒருவர் ராகம் போட்டுப் பேசினார்கள். சண்டையா சமாதானமா என்று முகத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

ஒத்திகை பார்க்கலாம் என்று கேமராவை மடியில் வைத்துக் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த அம்மாள் கொஞ்ச நேரம் அதையே கவனித்தார்.

"சாரே, இது பிரஷர் பாக்குத மிஷினா?"

"இல்லம்மா, கேமரா."

"கேமரான்னா போன்லல்லா இருக்கும்?" கையை ஏற்கெனவே என் மடிப்பக்கம் நீட்டியிருந்தார், வளையலையும் மேலே ஏற்றிவிட்டிருந்தார். "எனக்கு ஒண்ணு பாத்துச் சொல்லுங்க. டாக்டர்கிட்ட போனா ஒரு நாள் போச்சு."

"நிஜமாவே கேமராதாம்மா."

அவர் கையை இழுத்துக்கொண்டார். "சொல்ல இஷ்டம் இல்லன்னா வேண்டாம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பியவர், இறங்கும்வரை என்னைப் பார்க்கவில்லை.

தக்கலையில் இறங்கினபோது வெயில் ஏறிவிட்டது. திருவனந்தபுரம் ரோடு ஊரின் நடுவே போகிறது, ஊர் மொத்தமும் அந்த ரோட்டைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது. பஸ்ஸுக்கும் கடைக்கும் இடையில் மனிதன் நடப்பதற்கு ஒரு முழ இடம். பெயிண்ட் கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. அதன் ஒரு பக்கத்தில் பேக்கரி, மறுபக்கத்தில் ஒரு சின்னச் சாயாக்கடை. உள்ளே ஒருவர் பெயிண்ட் டப்பாவைக் குலுக்கும் இயந்திரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் தூரத்துப் பார்வை நன்றாயிற்றே. அவர்தான். மடித்துக் கட்டிய வேட்டி, முழங்கைவரை பச்சைப் பெயிண்ட், வாயில் ஏதோ பாட்டு. படத்தில் இருந்தவருக்கும் இவருக்கும் சம்பந்தமே இல்லை. பார்த்ததும் எனக்குப் பிடித்துவிட்டது. இதை மட்டும் பிடித்துக்கொண்டு போய்விட்டால் போதும் என்று நினைத்தேன்.

ரோட்டுக்கு எதிர்ப்புறம் நின்றுகொண்டு வேலையை ஆரம்பித்தேன். கேமரா வயிற்றுக்கு நேராக, தலை கீழே, முகத்தில் ஒரு வேலைக் கவலை. வெயிலில் திரை வெறும் வெள்ளையாக இருந்தது. வெயில் இல்லாவிட்டாலும் கண்ணாடி இல்லாமல் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் நித்யா சொன்ன இடத்தில் பொத்தான் இருந்தது, அழுத்தினேன். நாலடி நடந்து, நின்று, அழுத்தினேன். பிறகு ரோட்டைக் கடந்து பேக்கரி வாசலில் நின்று அழுத்தினேன்.

எனக்கு ஒரு விஷயம் தெரியாது. அந்த ரோட்டை அகலப்படுத்தப் போகிறார்கள் என்று ஊருக்குள் பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. கொஞ்ச நாளைக்கு முன் யாரோ வந்து அளந்து, சுவரில் மஞ்சள் குறி போட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. இந்த நிலையில், சட்டையை இன் பண்ணி, பையில் பேனா குத்தி, தோள்பையோடு, ஒரு கறுப்புப் பெட்டியைக் கடைகளுக்கு நேராகப் பிடித்துத் தலை குனிந்து பார்த்துக்கொண்டே, நாலடிக்கு ஒரு தடவை நின்று நின்று ஒருவன் போனால் அவன் யாராக இருக்க முடியும்?

பேக்கரிக்காரர்தான் முதலில் வெளியே வந்தார். வாசலில் நின்ற பலகையை ஓசைப்படாமல் தூக்கி உள்ளே வைத்தார். அதைப் பார்த்த தையல்கடைக்காரர் துணிப் பந்தலைச் சுருட்டினார். மருந்துக்கடைக்காரர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார்.

"இருந்து அளங்க சாரே. வெயில் கொள்ளாண்டாம்."

ஒற்றன் பேசக்கூடாது என்று நான் பதில் சொல்லவில்லை. அதுவே என்னைப் பெரிய ஆபீசராக்கிவிட்டது. பதில் சொல்லாதவர்தான் அதிகாரி என்பது அவர்கள் அனுபவம் போலிருக்கிறது. ஒரு டம்ளரில் நாரங்கா வெள்ளம் வந்தது. எலுமிச்சைச் சாறுதான், உப்பும் இஞ்சியும் போட்டது, அருமையாக இருந்தது.

"எனக்க கட ரோட்ட விட்டு நல்ல தள்ளித்தான் இருக்கு, கேட்டியளா" என்றார் பேக்கரிக்காரர். "நீங்க அந்த தையல்கடைய ஒண்ணு நல்லாப் பாருங்க."

"ஓய், உம்ம அடுப்பு எங்க இருக்குன்னு நான் சொல்லட்டா?" என்றார் தையல்காரர்.

சத்தம் கேட்டு அபிலாஷே வெளியில் வந்துவிட்டார். நேர் எதிரே, ஆறடியில், வெளிச்சம் முகத்தில் விழ நிற்கிறார். கேமராவை அவருக்கு நேராகப் பிடித்துக்கொண்டு வரிசையாக அழுத்த ஆரம்பித்தேன்.

"சாரே, எனக்க படி ஒண்ணர அடி ரோட்டுலதான் கெடக்கு" என்றார் அவர். "நீங்க பாத்துக் கண்டுபிடிக்கவே வேண்டாம். போன தடவ வந்தவங்க குறி போட மஞ்சப் பெயிண்ட் எனக்கிட்டதான் வாங்கினாங்க. வாங்கி, மொத குறிய எனக்க படியிலயே போட்டாங்க. இடிச்சுக்கிடுங்க. ஆனா இந்தச் சாயாக்கடைய மட்டும் தொடாதீங்க."

"ஏன்?" என்று கேட்டுவிட்டேன். அதுதான் தக்கலையில் நான் பேசிய முதல் வார்த்தை.

"இது போச்சுன்னா நான் காலத்தே எழும்பி எங்க போவேன்? வீட்டுல எனக்க அம்மை போடுத சாயாவ நீங்க குடிச்சதில்லல்லா."

சாயாக்கடைக்குள்ளிருந்து அதை நடத்தும் ராஜம் என்ற பெண்மணி எட்டிப் பார்த்தார். "ஏலே அபிலாஷு, எனக்குவேண்டி நீ ஒண்ணும் வாதாடவேண்டாம். சாரே, இவன் ஒரு சாயாவுக்கு மூணு தடவ சீனி கேப்பான். குறி போடுததா இருந்தா அவனுக்க நாக்குல போடுங்க."

எல்லாரும் சிரித்தார்கள். அபிலாஷ் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தார். நான் அழுத்திக்கொண்டே இருந்தேன். வந்த காரியம் முடிந்தது என்று மனதுக்குள் நித்யாவைக் கூப்பிட்டுப் பெருமை பேசினேன்.

"வாங்க சாரே, ஒரு சாயா குடிச்சிட்டு அளக்கலாம்" என்று என்னைச் சாயாக்கடைக்குள் உட்கார வைத்தார்கள். நிழலில் திரை தெளிந்திருக்க வேண்டும். நான் அதைத் தள்ளிப் பிடித்தேன், கிட்டே பிடித்தேன், கண்ணை இடுக்கினேன். ஏதோ உருண்டையாகத் தெரிந்தது. அபிலாஷ் கையை நீட்டினார்.

"இஞ்ச தாங்க, நான் பாத்துச் சொல்லுதேன். எத்தன அடி காட்டுகு?"

மறுக்க வழியில்லை. வாங்கினார். நாலு பொத்தானை அழுத்தினார். ஏதோ வந்தது. பார்த்தார். அடுத்ததைப் பார்த்தார். அடுத்ததையும் பார்த்தார். பிறகு என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தார்.

"சாரே, நீங்க ரோட்ட அளக்க வந்தியளா, இல்ல உங்க மூக்க அளக்க வந்தியளா?"

அந்தக் கேமராவின் கழுத்து தளர்ந்துபோயிருக்கிறது. பஸ்ஸில் ஒத்திகை பார்த்தபோது என் பக்கம் திரும்பியது, திரும்பியபடியே நின்றுவிட்டது. இரண்டு பக்கமும் ஒரே கறுப்பு, கண்ணாடி இல்லாத எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. காலையிலிருந்து நான் எடுத்த அத்தனையும் என்னைத்தான். என் தாடை, கீழிருந்து. என் மூக்குத் துவாரம், அருகிலிருந்து. நாரங்கா வெள்ளம் இறங்கும் என் தொண்டை. ராஜம் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அபிலாஷ் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார், கேமராவைக் கண்ணுக்கு நேரே தூக்கி வைத்து, முன்னும் பின்னும் அழுத்தி அழுத்தி, திரும்பத் திரும்பச் சிரித்தார். மருந்துக்கடைக்காரர் பார்க்கக் கேட்டதற்குக்கூடக் கொடுக்கவில்லை.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. இத்தனை தூரம் வந்து, இத்தனை நல்ல பையனை ஆறடியில் வைத்துக்கொண்டு, என் மூக்கோடு திருச்சிக்குத் திரும்பப்போகிறேன். அக்காவின் முகம் கண்முன்னால் வந்தது. இனி மறைத்து என்ன ஆகப்போகிறது என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

"தம்பி, நான் ரோட்டு ஆபீசர் இல்ல. திருச்சியிலேர்ந்து வர்றேன். நித்யாவோட தாய்மாமன்."

அதற்குப் பிறகு நடந்ததுதான் பெரிய சோகம். அவர் சட்டென்று எழுந்தார். ஒரே இழுப்பில் வேட்டியின் மடிப்பை இறக்கிவிட்டார். அந்த ஊரில் மரியாதைக்குரியவர் முன்னால் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நிற்கமாட்டார்கள். வேட்டி இறங்கியதோடு சிரிப்பும் இறங்கியது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டார். கையைக் கட்டினார். மூச்சை நிறுத்தினார். காரில் சாய்ந்து நின்ற அந்தப் படத்து மனிதர் அப்படியே என் முன்னால் வந்து நின்றுவிட்டார்.

"மாமா, சொகமா இருக்கியளா?" என்றார், வேறொரு குரலில்.

வெளியே சேதி ஒரு நிமிஷத்தில் பரவியது. துணிப் பந்தல் விரிந்தது. பேக்கரிப் பலகை மறுபடி வெளியே வந்தது, முன்பைவிட அரையடி முன்னால். மருந்துக்கடைக்காரர் நாற்காலியை எடுத்துக்கொண்டு போனார்.

வந்ததன் காரணத்தையும் சொன்னேன். தெரியாமல் எடுத்த படம் ஒன்று வேண்டும் என்று பெண் கேட்டாள் என்றேன். "எடுத்துக்கிடுங்க மாமா, எனக்கொண்ணும் இல்ல" என்று அபிலாஷ் விறைப்பாகத் தலையை ஆட்டினார். ராஜம் அக்கா கேமராவின் கழுத்தைச் சரியாகத் திருப்பிக் கொடுத்தார். "ஏலே, கொஞ்சம் சிரில" என்று அதட்டவும் செய்தார். அபிலாஷ் சிரித்தார், நான் அழுத்தினேன். சிரிக்காமலே இருந்திருக்கலாம். நீலத் திரை ஒன்றுதான் குறை.

மத்தியானம் சாப்பாடு போட்டு, ரயிலுக்கு நேரம் இருக்கிறது, கடலைப் பார்த்துவிட்டுப் போங்கள் என்று அவரே குளச்சல் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் நகரும்வரை கை கட்டி நின்றார்.

தக்கலையிலிருந்து குளச்சல் பன்னிரண்டு கிலோமீட்டர் இருக்கும். துறைமுகத்தில் படகுகள் ஒன்றோடொன்று உரசிக்கொண்டு நின்றன. சாயங்கால ஏலம் நடந்துகொண்டிருந்தது. கொட்டிக் கிடந்த மீனுக்கு நடுவே ஒருவர் நம்பரைக் கத்திக்கொண்டே போக, சுற்றி நின்றவர்கள் முகத்தில் ஒன்றும் காட்டாமல் வாங்கினார்கள். மாதாக் கோயில் மணியும் பள்ளிவாசல் பாங்கும் கொஞ்ச இடைவெளியில் கேட்டன. எங்கள் காவிரியில் வருஷத்தில் பாதி நாள் மணலைத்தான் பார்க்கலாம். இங்கே இவ்வளவு தண்ணீரை யாரும் திரும்பிக்கூடப் பார்க்காமல் வேலை செய்கிறார்கள். எனக்கு எதுவும் ரசிக்கவில்லை. நித்யாவுக்கு என்ன சொல்வது என்ற கவலையே பெரிதாக இருந்தது.

பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் ஒருவர் தார்ப்பாயில் மூக்குக் கண்ணாடிகளைப் பரப்பி விற்றுக்கொண்டிருந்தார். இதைக் காலையிலேயே செய்திருக்கவேண்டும். நூறு ரூபாய் கொடுத்து ஒன்றை வாங்கிப் போட்டுக்கொண்டு, என் அவமானத்தை நானும் ஒரு தடவை முழுதாகப் பார்த்துவிடலாம் என்று கேமராவைத் திறந்தேன்.

முதலில் வந்தது கை கட்டிய அபிலாஷ். நினைத்ததைவிட மோசம். அதற்கு முந்தைய படத்துக்குப் போனேன். என் மூக்கை எதிர்பார்த்தேன்.

மூக்கு இல்லை. அபிலாஷ். கேமராவைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பார்க்கிறார், லென்ஸ் அவர் பக்கம் திரும்பியிருப்பது தெரியாமல். வாய் முழுக்கச் சிரிப்பு, கண்ணோரத்தில் தண்ணீர், நெற்றியில் பச்சைப் பெயிண்ட் ஒரு விரல் அகலத்துக்கு, தோளுக்குப் பின்னால் ராஜம் அக்கா அடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்கிறார். அழுத்தி அழுத்திப் பார்த்த வேகத்தில், தன்னைத் தானே எடுத்திருக்கிறார். நல்லவேளை, அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

கண்ணாடி விற்கிறவரின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டேன். அவர் கண்ணாடி அவ்வளவு பிடித்துப்போயிற்று என்று நினைத்து இன்னொன்றை எடுத்து நீட்டினார்.

அந்தத் திரையைப் போனில் படம் பிடித்து நித்யாவுக்கு அனுப்பினேன். நடந்ததையெல்லாம் குரல் பதிவாகவும் அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று போன் காட்டியது. பதில் வரவில்லை. நாகர்கோவில் பஸ்ஸில் உட்கார்ந்தேன். பதில் வரவில்லை. இரணியலைத் தாண்டியபோது போன் அடித்தது.

"மாமா" என்றாள். போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

"சொல்லும்மா."

"அந்தச் சாயாக்கடைய நெஜமாவே இடிச்சிருவாங்களா?"

"தெரியலையேம்மா. பேச்சுதான் இருக்கு."

"அப்ப அதுக்குள்ள அங்க போய் ஒரு தடவை குடிச்சுப் பாத்துரணும்" என்றாள்.

அவளுக்குப் பின்னால் அக்கா மூக்கை உறிஞ்சும் சத்தம், பஸ்ஸின் இரைச்சலையும் மீறி, எனக்கு நன்றாகக் கேட்டது.